சர் ஆர். கே. சண்முகம் செட்டியார்

நம் வாணிய வைசிய குலத்திற் பிறந்து, உலகத்து அரசாங்கங்களின் நடுவே சரியாசனம் பெற்று உட்கார்ந்தவர் யாரென்று வினவினால், சர் ஆர். கே. சண்முகம் செட்டியார் பெயரே முதலில் நம் நாவில் எழும். அவர் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கமாயிருக்கிறது. ஆயினும் அவர் செய்ததென்ன, எதனாற் புகழெய்தினார், எதனால் இருமுறை வீழ்ந்தார் என்று கேட்டால் நம் இளைஞருட் பலர் விடை கூறமாட்டார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி என்னும் ஒரு வாக்கியத்தோடு அவர் சரித்திரம் முடிந்து விடுகிறது. அவ்வொரு வாக்கியத்திற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை, அவருடைய குறைகளையும் மறையாமல், இம்மாதம் எழுத முற்படுகிறோம்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் வாழும் நமக்கு இச்சரித்திரத்தில் ஒரு தனிச் சம்பந்தமும் உண்டு. அது குலச் சம்பந்தம் மட்டுமன்று, மணிலாக்கொட்டைச் சம்பந்தம். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிலே சங்கரப்பாடியார் என்ற பெயரால் குறிக்கப்பட்டுக் கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் அளந்தவர் நம் முன்னோர். எள்ளும் இலுப்பையும் ஆமணக்கும் ஆட்டி வந்த நம் செக்குகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மணிலாக்கொட்டை வந்து சேர்ந்தது. தென்னார்க்காடு ஜில்லாவின் செம்மண் புன்செய்களில் அப்பயிர் பரவிய வேகம் வியக்கத்தக்கது. 1879-ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், நம் மண்டிகளிற் குவிந்த மூட்டைகள் வண்டியேறிப் புதுச்சேரித் துறையிற் கப்பலேறிப் பிரெஞ்சு நாட்டு மார்ஸேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சவுக்கார ஆலைகளுக்கும் சென்றன. செக்காட்டிய எண்ணெயும் புண்ணாக்கும் உள்ளூருக்கு; கொட்டை சீமைக்கு என்றாயிற்று. அது முதல் மயிலத்துக் குடியானவன் விற்கும் மூட்டையின் விலையை மார்ஸேயும் லண்டனும் தீர்மானிக்கலாயின. ஆதலால் 1932-இல் கனடா தேசத்து ஒட்டாவா நகரில் நம் குலத்தார் ஒருவர் கலந்து செய்த உடன்படிக்கை, கோயமுத்தூர்ப் பஞ்சாலைகளுக்கு எவ்வளவு சம்பந்தப்பட்டதோ, அவ்வளவு திண்டிவனத்து மண்டிகளுக்கும் சம்பந்தப்பட்டதாகும். அதனைப் பின்னர் விரிப்போம்.

சண்முகம் செட்டியார் 1892-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 17-ஆம் தேதி கோயமுத்தூரிற் பிறந்தார். பாட்டனார் இராமசாமிச் செட்டியார். தந்தையார் கந்தசாமிச் செட்டியார். வியாபாரத்திற் செழித்துப் பின் பஞ்சாலைத் தொழிலிலும் ஈடுபட்ட குடும்பம் அது. சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் படித்துப் பின்னர்ச் சட்டக் கலாசாலையிலும் தேறினார். வக்கீல் தொழிலிற் பொருளீட்ட வேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு இருந்ததில்லை. இருபத்தைந்து வயது நிரம்பும் பருவத்திலேயே, 1917-இல், கோயமுத்தூர் முனிசிபல் சபையில் அங்கத்தினராகி அதன் உபதலைவராகவும் விளங்கினார். சாக்கடையும் குடிநீரும் வரி பாக்கியும் பேசப்படும் அச்சபைகளே அக்காலத்தில் அரசியலுக்குப் பள்ளிக்கூடம்.

1920-இல் இரட்டையாட்சி முறைப்படி சென்னை மாகாணத்தில் முதல் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் அதனைப் பகிஷ்கரித்தது. பிராமணரல்லாதாரின் கட்சியாகிய ஜஸ்டிஸ் கட்சி வெற்றி பெற்றது. அக்காலத்தில் நம் ஜில்லாத் தலைநகராயிருந்த கடலூரைச் சேர்ந்த சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார். அவ்வெற்றியிற் சட்டசபை புகுந்த இளைஞருள் சண்முகம் செட்டியாரும் ஒருவர். ஆனால் அக்கட்சியில் அவர் நிலைத்தாரில்லை. 1922-இற் சட்டசபைப் பதவியை விட்டு விலகிச் சித்தரஞ்சன் தாஸரும் மோதிலால் நேருவும் கண்ட சுயராஜ்யக் கட்சியிற் சேர்ந்து, சேலம், கோயமுத்தூர், வடார்க்காடு ஜில்லாக்கள் சேர்ந்த தொகுதியின் பிரதிநிதியாக டில்லியிலுள்ள இந்திய சட்டசபைக்குச் சென்றார். அங்கே அக்கட்சியின் பிரதம கொறடாவாகவும் இருந்தார். கட்சி மாறினார் என்று அவரை அன்றே ஏசினவர் உண்டு. பிற்காலத்தில் அவ்வேச்சு இன்னும் வலுத்தது. நாம் நோக்குமளவில், அவர் மனத்தைக் கட்சிகள் பெரிதாகக் கவர்ந்ததாகத் தோன்றவில்லை. சுங்கவரி, நாணயமாற்று, ரயில்வே வரவு செலவு முதலிய வறண்ட விஷயங்களிலேதான் அவர் உள்ளம் ஊன்றியது. பிறர் கொட்டாவி விடும் பட்டியல்களில் அவருக்குச் சுவை பிறந்தது.

1928, 1929, 1932 ஆகிய ஆண்டுகளில் ஜினீவாவிற் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மகாநாடுகளுக்கு இந்தியப் பிரதிநிதிகளுள் ஒருவராகச் சென்றார். பல தேசத்தார் ஒரு மேசையைச் சுற்றியிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பேரம் பேசும் வித்தையை அவர் பயின்றது அங்கேதான். இதற்கிடையே 1930-இற் காங்கிரஸ் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கிச் சட்டசபைகளைத் துறந்தது. நாட்டில் ஆயிரமாயிரம் பேர் சிறை புகுந்தனர். செட்டியார் துறக்கவில்லை, சபையிலேயே இருந்தார். 1931-இல் அதன் உபதலைவரானார். 1933-இல் இப்ராஹிம் ரஹிமத்துல்லா ராஜினாமாச் செய்ததும் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். விட்டல்பாய் பட்டேல் அமர்ந்த ஆசனம் அது. அவ்வாண்டே சர் பட்டமும் அவரை அடைந்தது. சிறை சென்றவர் மனத்தில் இவையெல்லாம் எவ்வாறு பட்டிருக்கும் என்று ஊகிப்பது அரிதன்று. அவர்தம் மனக்கசப்பை நியாயமற்றதென்று நாம் கூறத் துணியோம்.

இனி ஒட்டாவா விஷயம். 1929-இல் அமெரிக்காவில் தொடங்கிய வியாபார மந்தம் உலகெங்கும் பரவியபோது, நம் நாட்டு விளைபொருள்களின் விலை பெரிதும் வீழ்ந்தது. மணிலாக்கொட்டையும் தப்பவில்லை. விலை வீழ்ந்தாலும் கிஸ்தி குறையவில்லை, கடன் குறையவில்லை. இந்நிலையில் அதுகாறும் தடையிலா வாணிபமே தன் தருமம் என்று சொல்லி வந்த இங்கிலாந்து, 1932-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதனைக் கைவிட்டு, அந்நியச் சரக்குகளுட் பெரும்பாலானவற்றின்மேல் நூற்றுக்குப் பத்து வீதம் இறக்குமதி வரி விதித்தது. சாம்ராஜ்யத்துக்குட்பட்ட நாடுகளின் சரக்குக்கு மட்டும் அவ்வாண்டு நவம்பர் மாதம் 15-ஆம் தேதி வரையில் விலக்களித்தது. அதற்குள் ஒப்பந்தம் செய்துகொண்டால் விலக்கு நீடிக்கும்; இல்லையேல் நம் சரக்கும் அந்நியச் சரக்காகவே கருதப்பட்டு வரி செலுத்த வேண்டிவரும். இதுவே ஒட்டாவா மகாநாட்டின் உட்கிடை. வாயில் ஒருபுறம் திறந்திருக்க, மறுபுறம் கையில் பூட்டை வைத்துக்கொண்டு பேரத்துக்கு அழைத்ததற்கு ஒப்பாகும்.

ஜூலை மாதம் 21-ஆம் தேதி தொடங்கி ஆகஸ்டு மாதம் 20-ஆம் தேதி வரை நடந்த அம்மகாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து சென்ற தூதுக்குழுவின் தலைவர் சர் அதுல் சாட்டர்ஜி. குழுவில் சட்டசபையின் உபதலைவரான நம் செட்டியாரும் இருந்தார். சட்டசபையிற் பொதுமக்கள் பிரதிநிதியாயிருந்த அவர் குழுவில் இடம் பெற்றமையால், அரசாங்கம் செய்த ஒப்பந்தத்திற்குப் பொதுஜனங்களின் சம்மதமும் இருப்பதுபோல் ஒரு தோற்றம் உண்டாயிற்று. இதனைச் செட்டியார் அறியாதவரல்லர்.

ஒப்பந்தத்தின் சாரம் இது. இங்கிலாந்து நம் சரக்குகளுக்கு விலக்கை நீடிக்கும். மணிலாக்கொட்டை, ஆளிவிதை போன்றவற்றை நாம் வரியின்றி அனுப்பலாம். அந்நியர் நூற்றுக்குப் பத்து வரி கொடுத்தே அனுப்பவேண்டும். இதற்குப் பிரதியாக இந்தியா, இங்கிலாந்தின் மோட்டார் வண்டிகளுக்கு நூற்றுக்கு ஏழரையும், வேறு பல சரக்குகளுக்கு நூற்றுக்குப் பத்தும் வரிச்சலுகை காட்டவேண்டும்.

எதிர்த்தவர் கூறிய நியாயங்கள் வலியுடையன. இந்தியாவின் மணிலாக்கொட்டையைப் பெரும்பாலும் வாங்குவது இங்கிலாந்தன்று. பிரெஞ்சு நாடும் ஜெர்மனியுமே. நம் பெரிய வாடிக்கைக்காரரைப் பகைத்துச் சிறிய வாடிக்கைக்காரருக்குச் சலுகை காட்டுவது வியாபார புத்தியாகுமா? மேலும், அடிமை நாடு ஆளும் நாட்டோடு செய்யும் ஒப்பந்தம் ஒப்பந்தமாகுமா? வாக்குரிமை இல்லாத குடியானவன் பேரால் யார் கையெழுத்திட்டார்? இவற்றிற்குச் செட்டியார் பக்கத்து விடை ஒன்றே: ஒப்பந்தம் இல்லையானால் நேர்வது பழைய நிலையன்று, பழைய நிலையினும் கேடான நிலை. உலகச் சந்தை குறுகிவரும் காலத்தில், கையிலுள்ள சந்தையை இழப்பது மடமை. பேரத்திற்குச் சென்றவன், வேண்டுவதையெல்லாம் பெறவில்லையென்பதற்காக வெறுங்கையோடு திரும்புதல் ஆகாது.

சட்டசபை ஒரு கமிட்டி வைத்து ஆராய்ந்து, 1932-ஆம் ஆண்டின் முடிவில் உடன்படிக்கையை ஒப்புக்கொண்டது. அப்போது காங்கிரஸ்காரர் சபையில் இல்லை. அவர்கள் திரும்பி வந்தபின், 1936-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அதே சபை அவ்வுடன்படிக்கையை முடிவு செய்யவேண்டுமென்று தீர்மானித்தது.

நம் மண்டிகளில் இதன் பயன் என்ன? ஒட்டாவாவினாற் கொட்டை விலை ஏறியது என்று எழுதினால் அது குலாபிமானத்தாற் கூறும் பொய்யாகும். 1934-ஆம் ஆண்டிலும் விலை தாழ்ந்தே கிடந்தது. விலை தாழ்ந்ததற்கு ஒட்டாவாவே காரணம் என்று மேடைகளிற் பேசினாரே, அதுவும் பொய்யே. உலக மந்தத்தின் முன் நூற்றுக்குப் பத்துச் சலுகை கொட்டும் மழையிற் பிடித்த தாழங்குடை போன்றது. உண்மையில் நம் வட்டாரத்துக் கடலைக் குடியானவனுக்கு நிலைத்த நன்மை செய்தது ஒட்டாவாவுமன்று, டில்லியுமன்று. திண்டிவனத்து விவசாய ஆராய்ச்சிப் பண்ணையே. அங்கே தேர்ந்தெடுத்து 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. இரண்டாம் எண் விதை இந்தியாவெங்கும் பரவி, திண்டிவனத்தின் பெயரை மூன்றெழுத்திற் சுமந்து சென்றது. இது நம் சரித்திரத்திற்குப் புறம்பாயினும் சொல்லாமற் செல்ல மனமில்லை.

1934-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நடந்த தேர்தலிற் செட்டியார் சென்னை மாகாணத்து இந்திய வர்த்தகர் தொகுதியில் நின்றார். அவருக்கெதிரே காங்கிரஸ் அபேட்சகராக நின்றவர் சாமி வெங்கடாசலம் செட்டியார். ஒட்டாவாவே தேர்தற் பிரசாரத்தின் ஊடு பொருளாயிற்று. சபையின் தலைவர் ஆசனத்தில் இருந்தவர் தோற்றார். எண்ணிப் பார்க்குமிடத்து இத்தோல்வியில் ஒரு விசேஷம் புலப்படும். அவரைத் தோற்கடித்தவர் உழவருமல்லர், தொழிலாளருமல்லர், கணக்கறிந்த வர்த்தகர்கள். எந்த வகுப்பாரின் லாபத்திற்காக அவர் பேரம் பேசியதாகக் கருதினாரோ, அவ்வகுப்பாரே அவரைத் தள்ளினர். அவர்கள் கணக்குப் பார்த்துத் தள்ளினாரல்லர். மானம் பார்த்துத் தள்ளினர். அடிமைத்தளையில் இருக்கும் நாட்டில் கணக்கைக் காட்டிலும் மானம் முன்னிற்கும் என்பதைச் செட்டியார் போதிய அளவு உணரவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

தேர்தலில் தோற்றவரைக் கொச்சி மகாராஜா தம் திவானாக அழைத்துக்கொண்டார். 1935 முதல் 1941 வரை ஆறாண்டுகள் செட்டியார் அங்கே ஆட்சி புரிந்தார். இக்காலமே அவர் வாழ்வில் நிம்மதியான காலமென்று சொல்லவேண்டும். சர் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியியலார் கடலைத் தூர்த்தும் ஆழ்த்தியும் கொச்சித் துறைமுகத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். அத்துறைமுகம் 1936-இற் பெருந்துறைமுகமாக அங்கீகாரம் பெற்றது. எர்ணாகுளம் நகரமும் செம்மையுற்றது. 1938-இற் கொச்சி ராஜ்யத்தில் இரட்டையாட்சி ஏற்பட்டு, ஜனங்களின் பிரதிநிதியாக அம்பாட்டு சிவராம மேனோன் மந்திரியானார். சுதேச ஸமஸ்தானங்களில் இவ்வகைச் சீர்திருத்தம் அதற்கு முன் நிகழ்ந்ததில்லை. ஒரு குறையும் சொல்லவேண்டும். 1936-இற் பக்கத்துத் திருவிதாங்கூர் தன் கோயிற் கதவுகளைத் தாழ்த்தப்பட்டார்க்குத் திறந்தது, கொச்சி திறக்கவில்லை. வைதிகப் பற்று மிகுந்த மகாராஜாவின்கீழ் திவானால் ஆகக்கூடியது சிறிதே என்பர். கோயில் விளக்குக்கு எண்ணெய் அளந்தும் செக்கார் என்று இழிக்கப்பட்ட குலத்திற் பிறந்தவர் அவ்வாசனத்தில் இருந்தார் என்பதை நினைக்கும்போது, அச்சமாதானம் நமக்கு முழுதும் நிறைவளிக்கவில்லை.

திவானாயிருக்கும்போதே 1938-இல் ஜினீவாவிற் சர்வதேச சங்கத்திற்கு இந்தியப் பிரதிநிதியாகப் போய்வந்தார். அச்சங்கம் அப்போது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. இரண்டாவது மகாயுத்தம் மூண்டபின், 1941-இல் அமெரிக்காவுக்குச் சென்று, இந்தியாவுக்கு வேண்டிய யுத்தத் தளவாடங்களைக் கொள்முதல் செய்யும் குழுவுக்குத் தலைமை வகித்தார்.

1944-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவிலுள்ள பிரெட்டன் வுட்ஸ் என்னும் மலையூரிலே 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, யுத்தத்திற்குப் பின் உலகத்து நாணயங்கள் எவ்வாறு நடக்கவேண்டும் என்று ஆராய்ந்தனர். சர்வதேச நாணய நிதியும் உலக பாங்கும் பிறந்தது அங்கேதான். இந்தியத் தூதுக்குழுவின் தலைவர் சர் ஜெரமி ரெய்ஸ்மன். அங்கத்தினர் சிந்தாமண் தேஷ்முக், சர் தியோடர் கிரெகரி, ஏ. டி. ஷ்ராப், நம் செட்டியார். அடிமை நாட்டின் குழுவாயினும், தன் நாட்டுக் கடனைப் பற்றி வாய் திறந்து கேட்ட குழு அது. யுத்த காலத்தில் இங்கிலாந்து நம் நாட்டிலிருந்து தானியமும் துணியும் தோலும் இரும்பும் வாங்கிற்று. விலையை லண்டனிற் பவுன் கணக்கில் எழுதிவைத்தது. அக்கணக்கை ஆதாரமாகக் கொண்டு இங்கே நோட்டு அச்சடிக்கப்பட்டது, விலைவாசி ஏறிற்று, 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பசியால் மாண்டனர். ஆகவே அப்பவுன் கணக்கு வெறும் எண்ணன்று. பட்டினி கிடந்தவரின் சேமிப்பு. அதில் ஒரு பகுதியையேனும் புதிய நிதியின் மூலம் மாற்றித் தர வேண்டுமென்று இந்தியக் குழு கேட்டது. இங்கிலாந்தின் தலைவராயிருந்த கெயின்ஸ் பிரபு, அது கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய காரியமென்று மறுத்து விட்டார். நிதியில் இந்தியாவுக்கு 40 கோடி டாலர் பங்கு கிடைத்தது. கடனுக்கு வழி கிடைக்கவில்லை. அக்கடன் நான்காண்டு சென்றபின் மீண்டும் செட்டியார் கைக்கே வந்து சேர்ந்தது.

இடையிற் சில காலம் ஸமஸ்தானாதிபதிகளின் மண்டலத்துக்கு அரசியலமைப்பு ஆலோசகராயிருந்தார். முடிசூடிய மன்னர்கள் தம் எதிர்காலம் என்னாகுமோவென்று கலங்கிய வேளை அது. அவ்வாலோசனைகளாற் பெரும் பயனொன்றும் விளையவில்லை. ஸமஸ்தானங்கள் இந்தியாவுடன் கலந்துவிட்டன.

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி அமைந்த முதல் மந்திரிசபையிற் காங்கிரஸைச் சேராதவர் சிலர் இடம் பெற்றனர். டாக்டர் அம்பேத்கர், சியாமப் பிரசாத் முக்கர்ஜி ஆகியோரோடு சண்முகம் செட்டியாரும் அவருள் ஒருவர். ஒட்டாவாவுக்காக எவரைக் காங்கிரஸ் தோற்கடித்ததோ, அவரையே பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் பண்டித நேரு நிதி மந்திரியாக்கினார். புதிய அரசுக்கு மேடைப் பேச்சாளர் பலர் இருந்தனர்; லண்டனோடும் வாஷிங்டனோடும் கணக்குப் பேசவல்லார் சிலரே இருந்தனர்.

அவர் ஏற்ற பொக்கிஷம் பிரிவினைப் பொக்கிஷம். பஞ்சாபிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்தனர். காஷ்மீரத்திற் போர் மூண்டது. 1947 நவம்பர் 26-ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை அவர் சமர்ப்பித்தார். அது அவ்வாண்டு ஆகஸ்டு 15 முதல் அடுத்த மார்ச்சு முடிய ஏழரை மாதங்களுக்கு உரியது. வரவு 171 கோடியே 15 லட்சம் ரூபாய். செலவு 197 கோடியே 39 லட்சம். துண்டு விழுந்தது 26 கோடியே 24 லட்சம். செலவிற் பாதிக்குச் சற்றே குறைய, 92 கோடியே 74 லட்சம், ராணுவத்துக்கே சென்றது. இக்காலத்து லட்சம் கோடிக் கணக்குகளைக் கேட்டுப் பழகியவர்க்கு இவை சிறு தொகைகளாகத் தோன்றலாம்; அன்று ஒரு தேசத்தின் குடும்பச் செலவு இவ்வளவே.

பாகிஸ்தானுக்குக் கொடுக்கவேண்டிய ரொக்கப் பங்கு 75 கோடி என்று முடிவாகி, 20 கோடி முன்னரே கொடுக்கப்பட்டிருந்தது. மிகுதி 55 கோடியைக் காஷ்மீரச் சண்டையை முன்னிட்டு இந்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. 1948 ஜனவரி 13-ஆம் தேதி காந்தியடிகள் உண்ணாவிரதம் தொடங்கினார். இரண்டு நாளிற் பணத்தைக் கொடுத்துவிடத் தீர்மானமாயிற்று. கணக்கு ஒருபுறமும் தருமம் ஒருபுறமும் நின்ற அந்நாட்களில் நிதி மந்திரியாயிருப்பது எளிதன்று.

1948-ஆம் ஆண்டின் இடையில், லண்டனில் முடங்கிக்கிடந்த அப்பழைய பவுன் கணக்கைத் தீர்க்கச் செட்டியார் தாமே தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கிச் சென்றார். நமக்கு வரவேண்டியது நூறு கோடி பவுனுக்கு மேல். ஆங்கிலேயர் விட்டுச்சென்ற ராணுவத் தளவாடங்களுக்கு விலையாகப் பத்துக் கோடி பவுனும், திரும்பிப்போன ஆங்கில உத்தியோகஸ்தரின் உபகாரச் சம்பளத்துக்கென ஒரு பெருந்தொகையும் அதிற் கழிக்கப்பட்டன. மிகுதியைச் சிறிது சிறிதாக விடுவிப்பதாக ஜூலை மாதத்தில் உடன்படிக்கையாயிற்று. அதிகம் விட்டுக்கொடுத்தார் என்று இங்கே சிலர் குறை கூறினர். ஆயினும் கடன்பட்டவன் யுத்தத்தால் ஓட்டாண்டியாகி நிற்கையில், கடனையே மறுத்துவிடாமல் ஒப்புக்கொள்ளச் செய்ததும் ஒரு சாதனையே. கெயின்ஸ் பிரபு மேசைக்கு அப்பால் தள்ளிய கணக்கு மேசைமேல் வந்துவிட்டது. செக்கிற்கு எள்ளை அளந்து விட்டவன் பிண்ணாக்கையேனும் எண்ணி வாங்குவான். நம்மவர்க்கு இது சொல்லித் தெரியவேண்டுவதில்லை.

லண்டனிலிருந்து திரும்பிய மறுமாதமே அவர் பதவி பறிபோயிற்று. காரணம் இது. யுத்த காலத்திற் கொள்ளை லாபம் பெற்று வருமான வரியை ஏய்த்தவர்களை விசாரிக்க, லியாகத் அலிகான் நிதிப் பொறுப்பிலிருந்த 1947-ஆம் ஆண்டிலே சட்டமியற்றி ஒரு கமிஷன் ஏற்படுத்தப்பட்டது. நீதிபதி வரதாச்சாரியார் அதன் தலைவர். கமிஷனுக்கு அனுப்பப்பட்ட பட்டியலிலிருந்து ஆலை முதலாளிகள் சிலருடைய பெயர்கள் திரும்பப் பெறப்பட்டன. செய்தி வெளிப்பட்டதும் சபையிற் பெருங்கிளர்ச்சி உண்டாயிற்று. இலாகா செய்த காரியத்துக்கு மந்திரி பொறுப்பாளி என்னும் முறைப்படி செட்டியார் 1948 ஆகஸ்டு மாதத்தில் ராஜினாமாக் கொடுத்து வெளியேறினார். பின்னர் அவ்விடத்திற்கு டாக்டர் ஜான் மத்தாய் வந்தார்.

இதனைப் பற்றி நம்மவர் இருவகையாகப் பேசக் கேட்டிருக்கிறோம். ஒரு சாரார், குமாஸ்தாக்கள் செய்த பிழைக்கு மந்திரி பலியானார் என்பர். மற்றொரு சாரார் இப்பகுதியையே விழுங்கிவிட்டு அடுத்த வருஷத்துக்குத் தாவுவர். இரண்டும் நமக்கு உடன்பாடல்ல. ஆலைத் தொழிலில் ஈடுபட்ட குடும்பத்திற் பிறந்த ஒருவர் நிதி மந்திரியாயிருக்கையில், ஆலை முதலாளிகள் பெயர் பட்டியலிலிருந்து நீங்குமாயின், நாட்டார் ஐயுறுவது இயல்பு. அவ்வையத்திற்கு இடம் நேராமற் காத்துக்கொள்வது அவர் கடமை. அதில் அவர் தவறினார். ஆனால் தவறு தம் இலாகாவிற் கண்டவுடன் ஆசனத்தைப் பற்றிக்கொண்டு கிடவாமல் இறங்கிப் போனார். அதன்பின் வந்த காலங்களில் எத்தனை மந்திரிகள் எத்தனை பெரிய பிழைகளுக்குப் பின்னும் இறங்காதிருந்தனர் என்பதை வாசகர் அறிவர். முதல் நிதி மந்திரி ஓராண்டு பதவி வகித்தார். அவ்வோராண்டின் இரு வரவு செலவுத் திட்டங்களும் ஒரு ராஜினாமாவும் சுதந்திர இந்தியாவின் நிதி இலாகாவுக்கு முன்மாதிரியாய் நிற்கின்றன.

கணக்குப் புத்தகத்தை மட்டுமே வைத்து இவரை அளப்பாரும் தவறுவர். தமிழ் மக்கள் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கே இடம் வேண்டிப் போராடிய 1940-களில், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரோடு தமிழிசை இயக்கத்தில் முன்னின்றவர்களுள் இவர் ஒருவர். சிலப்பதிகாரத்துப் புகார்க் காண்டத்திற்கு இவர் உரை எழுதி வெளியிட்டார். அரங்கேற்று காதையின் இசை நுணுக்கங்கள் புலவர்களையே தடுமாறச் செய்பவை. தொழில்முறையிற் புலவரல்லாத ஒரு ராஜாங்க உத்தியோகஸ்தர் அதில் துணிந்து இறங்கினார். வணிகர் மாநகரான பூம்புகாரின் அங்காடிகளையும் துறைமுகத்துப் பொதிகளையும் பேசும் காண்டத்தை அவர் தெரிந்தெடுத்ததில் நமக்கு வியப்பில்லை.

பிற்காலத்தில் நம் தென்னார்க்காடு ஜில்லாவுக்கே அவர் வந்து சேர்ந்தார். சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றினார். அப்பதவியின் வரலாற்றில் ஒரு விநோதம் உண்டு. முதல் துணைவேந்தர் சர் சாமுவேல் ரங்கநாதன் பின்னர் லண்டனில் இந்திய ஹைகமிஷனரானவர். அவருக்குப்பின் வந்த ஸ்ரீநிவாஸ சாஸ்திரியாரும் சர் கே. வி. ரெட்டி நாயுடுவும் தென்னாப்பிரிக்காவில் இந்திய ஏஜெண்டுகளாயிருந்தவர்கள். அயல்நாட்டுத் தூது சென்று களைத்தவர்க்கும், செல்லப் போகின்றவர்க்கும் தில்லை நகரம் ஒரு தங்கல் போலும்.

1953-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி செட்டியார் காலமானார். அப்போது அவர்க்கு வயது அறுபது. எர்ணாகுளத்தில் முன்னாளிற் காயற்கரையை ஒட்டிச் சென்ற பெருவீதி சண்முகம் ரோடு என்று இன்றும் அவர் பெயரால் வழங்கி வருகிறது. நம்மவர் அவ்வூருக்குச் செல்ல நேர்ந்தால் ஒருமுறை அவ்வீதி வழியே நடந்து வருக.